நகாசும் முலாமும்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் எழுதிய முதல் நாவலின் பிரதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கதை எப்படி, பாத்திரங்களுக்கு உயிர் இருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "நடை ஆடம்பரமா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்றார். முன்பே படித்த நண்பர் ஒருவர் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி அவரைக் கலக்கிவிட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. படித்துவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். படித்து முடித்துப் பதினைந்து நாட்களாகின்றன. இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக்கூடிய கேள்விதான். நாலைந்து நாவல் எழுதி வயதும் ஆகிவிட்டால், இந்த மாதிரிக் கேள்விகளுக்கு யோசிக்காமலே பதில் சொல்லும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அது வராமல் போனதற்குக் காரணம் உண்டு.

1979-ல் நான் ஒரு சிறு பத்திரிகையில் மாதம் இரண்டு புஸ்தகங்களுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். கூலி கிடையாது, அதிகாரம் மட்டும் நிறைய. ஒரு மாதம் இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்று நகரத்துக்காரர் எழுதியது. ஒரு வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் இராது. மற்றது தஞ்சை ஜில்லாவில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஒருவர் கைக்காசைப் போட்டு அச்சிட்டது. அதில் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வீட்டின் உக்கிராண அறை வருகிறது. அந்த அறையில் இருக்கும் பாத்திரங்களை மூன்று பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். அண்டா, தவலை, ஜோடுதவலை, கங்காளம், வெண்கலப்பானை, அடுக்கு, கூஜா என்று ஒவ்வொன்றும் எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த விளிம்பில் நசுங்கியிருக்கிறது, யார் பெயர் பொறித்திருக்கிறது என்பது வரையில் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாவலில் பாத்திரங்கள் இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிரியர் அண்டாவையும் தவலையையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். படாடோபமான நடை" என்று எழுதினேன். நகரத்துக்காரருடைய நாவலை எளிமைக்கு உதாரணம் என்று அதே பக்கத்தில் புகழ்ந்திருந்தேன்.

பத்திரிகை வந்த பத்தாம் நாள் ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மதிப்புரைக்கு நன்றி சொல்லிவிட்டு, "பாத்திரங்களைக் குறைத்திருக்கலாம். வீட்டில் இருந்ததை எழுதினேன்" என்று முடித்திருந்தார். அவர் இரண்டாவது நாவல் எழுதவில்லை. என் மதிப்புரையால்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற பெருமையாகிவிடும். மனிதர்கள் எழுதாமல் போவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ஆனால் அந்த நாவலை எப்போதாவது யாராவது நினைத்துக்கொண்டால் "அந்தப் பாத்திரக்கடை நாவலா?" என்று கேட்பதை நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். கதை மறந்துவிட்டது, நான் ஒட்டிய சீட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

இளைஞருடைய கேள்விக்குப் பதில் தேடப் போய், இந்தச் சொற்களையே ஒரு வாரம் புரட்டிப் பார்த்தேன். வீண் பகட்டைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! ஆடம்பரம், ஆரவாரம், படாடோபம், டம்பம், டாம்பீகம், பகட்டு, பவிசு, ஜம்பம், தளுக்கு, மினுக்கு, ஜிகினா, தடபுடல், ஜோடனை. இன்றைய இளைஞர்கள் பந்தா, பில்டப் என்ற இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். விமரிசகர்கள் இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்து எழுதிவிடுகிறோம். அவை ஒன்றல்ல.

ஆடம்பரம் என்பது சம்ஸ்கிருதத்தில் ஆதியில் ஒரு வகைப் பறைக்குப் பெயர். பறை பெருமுழக்கமாயிற்று. முழக்கம் பிறகு வெறும் விமரிசையாயிற்று. ஆரவாரமும் ஆர்ப்பாட்டமும் அதேபோலச் சத்தத்தில் பிறந்தவைதாம். கூட்டத்தைக் கூட்டப் பறை வேண்டும், அதில் தப்பில்லை. 1940-களிலும் 50-களிலும் நம் மேடைகளில் வளர்ந்த அடுக்குமொழியை நான் இந்த அர்த்தத்தில்தான் ஆடம்பரம் என்பேன். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒலிபெருக்கியில் பேசுகிறவனுக்கு மோனை ஒரு கருவி. கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குப் பாதி வார்த்தை காதில் விழாவிட்டாலும் மோனை மீதியை ஊகிக்கவைக்கும். அதே அடுக்கு, தனியாக உட்கார்ந்து படிக்கிறவனுடைய மடிக்கு வரும்போதுதான், சின்ன அறைக்குள் யாரோ பறையடிப்பதுபோல ஆகிவிடுகிறது.

படாடோபம் வேறு ஜாதி. படம் என்பது பாம்பின் படம், ஆடோபம் என்பது அது உப்புவது. பாம்பு படத்தை விரித்து ஆடுவதற்குத்தான் அந்தச் சொல். விஷமில்லாத பாம்பும் படத்தை விரிக்கவேண்டும், பார்க்கிறவன் அதற்கே பயப்படுவான் என்று பஞ்சதந்திரம் உபதேசிக்கிறது. ஆகவே படாடோபத்தில் அழகு காட்டும் ஆசையைவிடப் பிறரை மிரட்டும் எண்ணமே முக்கியம். உள்ளே விஷம் இல்லை என்ற சந்தேகமும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டம்பம் இன்னும் கடுமையானது. தம்பம் என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்கு வஞ்சனை, பொய்வேஷம் என்று பொருள். கீதை பதினாறாவது அத்தியாயத்தில் ஆசுர குணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது இதைத்தான். பகட்டு நம்முடைய தமிழ்ச் சொல். அதிலும் இரண்டு அர்த்தம் கலந்திருக்கிறது. பகட்டுதல் என்றால் மினுக்கிக் காட்டுவது, ஏமாற்றுவது இரண்டுந்தான். கண்ணைக் கூசவைத்து அந்த நேரத்தில் சரக்கைத் தள்ளிவிடுகிற வியாபாரி அந்தச் சொல்லுக்குள் நின்றுகொண்டிருக்கிறான்.

இங்கிலீஷ்காரர்களும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பாம்பாஸ்ட் என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் பஞ்சு. சட்டைக்குள் அடைத்து உடம்பைப் பருமனாகக் காட்ட உபயோகித்த பஞ்சு. பரோக் என்பது உருண்டை தவறிய முத்துக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயரிலிருந்து வந்தது என்று சொல்லுகிறார்கள். டாட்ரி என்றால் மலிவான பகட்டு. ஈலி என்ற ஊரில் செயிண்ட் ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் விற்ற நாடாவிலிருந்து அந்தச் சொல் பிறந்தது. எல்லாம் பொருள்கள். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பஞ்சு, முத்து, நாடா.

நம்முடைய சொற்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. மினுக்குகிறாள், தளுக்குகிறாள், பகட்டுகிறான், பீற்றிக்கொள்கிறான், ஜம்பம் அடிக்கிறான், பந்தா காட்டுகிறான், பில்டப் கொடுக்கிறான் என்று எல்லாமே ஒருவர் செய்கிற காரியங்களாக இருக்கின்றன. செய்கிறவனும் வேண்டும், பார்க்கிறவனும் வேண்டும். நடுராத்திரியில் குடை பிடிக்கிற அற்பனைப் பற்றி நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லுகிறார்களே, அவன்கூட யாராவது பார்ப்பார்கள் என்று நம்பித்தான் பிடிக்கிறான். இந்தச் சொற்களோடு ஓர் 'ஆன' சேர்த்துப் பெயரடையாக்கி, 'பகட்டான நடை', 'படாடோபமான வர்ணனை' என்று எழுதிவிட்டால், பார்வைக்கு அது 'நீளமான', 'சிவப்பான' என்பதுபோல ஒரு பொருளின் குணத்தைச் சொல்லுவதாகத் தோன்றும். உண்மையில் உள்ளே இருப்பது ஒரு குற்றச்சாட்டு. இன்னார் இன்ன எண்ணத்தோடு இப்படிச் செய்தார் என்று சொல்லுகிறோம். திருடன் என்று ஒருவனைச் சொன்னால் சாட்சி கேட்பார்கள். படாடோபக்காரன் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. விமரிசனத்தில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற தண்டனை வேறு இல்லை.

மிகுதியை மட்டும் சொல்லவேண்டுமானால் தமிழில் அதற்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பியர் உரியியலில் பொருள் சொல்ல முதன்முதலில் எடுத்துக்கொள்வதே உறு, தவ, நனி என்ற மூன்று சொற்களை. மூன்றும் மிகுதியைக் குறிப்பவை. நன்னூலார் சால, கூர், கழி என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஆறாக்குகிறார். இந்த ஆறில் ஒன்றுகூட வசையாக அங்கே வரவில்லை. மிகுதி என்பது ஓர் அளவு. அது தப்பா சரியா என்பது மற்றக் காரணங்களைப் பொறுத்தது.

அலங்காரம் என்ற சொல்லும் இதையே சொல்லுகிறது. அலம் என்றால் போதும் என்று பொருள். அலங்காரம் என்றால் போதுமானதாகச் செய்வது. குறையாக இருக்கும் ஒன்றை நிறைவாக்குவதற்குத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள், மேலே பூசுவதற்கு அல்ல. தண்டியலங்காரம் செய்யுள் நெறியை வைதருப்பம், கௌடம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. செறிவு, தெளிவு முதலான பத்துக் குணங்களையும் வைதருப்பத்தின் உயிர் என்கிறது. கௌடம் அவற்றோடு முழுவதும் ஒத்துப்போகாது நடக்கிற வழி. ஆனாலும் அதுவும் ஒரு நெறிதான், நெறிகெட்டது என்று தண்டி ஆசிரியர் சொல்லவில்லை. அவருக்கு இருந்த பொறுமை 1979-ல் எனக்கு இல்லை.

அப்படியானால் நிறைய இருப்பதற்கும் பகட்டாக இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சொற்கள் இலக்கணத்திலிருந்து வரவில்லை, தட்டார் பட்டறையிலிருந்து வந்தவை. ஒன்று நகாசு, மற்றது முலாம். நகாசு வேலை என்பது அந்த உலோகத்திலேயே செதுக்கியும் தட்டியும் எழுப்புவது. ஒரு காசுமாலையின் பதக்கத்தில் எவ்வளவு நுணுக்கமாக யாளியும் கொடியும் ஓடினாலும் அது அந்தத் தங்கமேதான். வேலைப்பாட்டை எடுக்கவேண்டுமானால் நகையையே அழிக்கவேண்டும். முலாம் அப்படியல்ல. உள்ளே செம்போ பித்தளையோ, மேலே ஒரு பூச்சு. பளபளப்பில் சில சமயம் முலாம் பூசியதுதான் ஜெயிக்கும். வித்தியாசம் சுரண்டினால்தான் தெரியும்.

நடையையும் சுரண்டிப் பார்க்கலாம். "மோகன மாலைப் பொழுதில், மல்லிகையின் மயக்கும் மணத்தில், மதுரமான மௌனத்தில் மங்கை அவள் நின்றாள்" என்று ஒருவர் எழுதுகிறார். சுரண்டினால் "மாலையில் அவள் நின்றாள்" என்று மிஞ்சுகிறது. எதுவும் நஷ்டமாகவில்லை. அவள் ஏன் நின்றாள் என்று கேட்க வேண்டும் என்பதே இப்போதுதான் நமக்குத் தோன்றுகிறது. அத்தனை மகரமும் சேர்ந்து அந்தக் கேள்வியை மறைத்துக்கொண்டிருந்தன. இது முலாம்.

இன்னொரு பக்கம் தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களைப் பாருங்கள். 1010-ல் விமானத்துக்குக் கலசம் வைத்த ராஜராஜன், கோயிலுக்குத் தான் கொடுத்த பொன் பாத்திரங்களையும் ஆபரணங்களையும் அங்கே கல்லில் வெட்டவைத்திருக்கிறான். இன்ன பாத்திரம், 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்தபோது இன்ன எடை, இன்ன நகையில் இத்தனை முத்து என்று ஒன்றுவிடாமல் போகிறது அந்தப் பட்டியல். அரசனுக்குத் தன் பெருமை தெரியவேண்டும் என்ற ஆசை இல்லாமல் இராது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எடை சொல்லியிருக்கிறான். பிற்காலத்தில் ஒருவன் தராசை எடுத்துக்கொண்டு வந்து சரிபார்க்கலாம். எதையும் நிறுத்துக் காட்டத் தயாராக இருக்கிற பட்டியலைப் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த இடத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியருடைய நாவலை அலமாரியிலிருந்து எடுத்தேன். 1979-ல் அதை முழுக்கப் படித்தேனா என்பது இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மதிப்புரைக்காரர்கள் மூன்றாவது அத்தியாயத்திலேயே அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டால் மீதியை வேகமாகப் புரட்டிவிடுவது உண்டு.

உக்கிராண அறையை மூன்று பக்கத்துக்குப் பார்க்கிறவள் அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்த மருமகள். ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவள். ஒவ்வொரு பாத்திரமாகத் தொட்டுப் பார்க்கிறாள், பெயர் படிக்கிறாள், நசுங்கலைத் தடவுகிறாள். அந்தப் பட்டியல் அவளுடைய கண். அதற்குப் பிறகு வருகிற அத்தியாயங்களில் வீடு மெல்லச் சரிகிறது. ஆசிரியர் அதை எங்கும் பிரஸ்தாபிப்பதில்லை. ஒரு சிராத்தத்தன்று பெரிய தவலையை அடுத்த வீட்டில் இரவல் வாங்கிவருகிறார்கள். ஜோடுதவலையில் ஒன்றுதான் இருக்கிறது. மாமனார் பயணத்துக்குக் கூஜா இல்லாமல் புறப்படுகிறார். அடகுக்கடை என்ற வார்த்தை ஒரு முறைகூட வருவதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் அதே அறைக்குள் போய் நசுங்கிய சொம்பு ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான் முடிவு. மூன்றாவது அத்தியாயத்தின் மூன்று பக்கத்தைப் படிக்காதவனுக்கு அந்தச் சொம்பு வெறும் சொம்பு. படித்தவனுக்கு அது யாருடைய கல்யாணத்தில் வந்தது, எந்தக் குழந்தை அதைக் கிணற்றடியில் போட்டு நசுக்கியது என்பது தெரியும். அந்தக் குழந்தை இப்போது இல்லை என்பதும் தெரியும்.

அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிட்டால் நாவலே போய்விடும். நகாசைப் பார்த்து நான் முலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நகரத்துக்காரருடைய நாவலையும் எடுத்துப் படித்தேன். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதுதானே நியாயம். "மழை. தெரு. அவன். மௌனம்" என்று போகிறது. அன்று அது எளிமையாகப் பட்டது. இன்று ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஆசிரியர் நின்று, 'பார், எவ்வளவு சொல்லாமல் விட்டிருக்கிறேன்' என்று நம்மைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. கதர்ச் சட்டைக்கும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவர்கள் உண்டு. வார்த்தையின் எண்ணிக்கையைக் கொண்டு பகட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்கு வேண்டியதில்லை. சொல்லாமல் விட்ட இடங்களையும் சுரண்டிப் பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக, என் மதிப்புரையையும் தேடி எடுத்தேன். பாத்திரம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்தை வைத்துக்கொண்டு நான் செய்திருந்த வேடிக்கை அந்த இதழிலேயே மிகவும் பளபளப்பான வாக்கியம். அதை எழுதியபோது என் மனசில் அந்த நாவல் இருக்கவில்லை. அதைப் படித்துவிட்டுக் காப்பி ஹோட்டலில் சிரிக்கப்போகிற நாலு நண்பர்கள் இருந்தார்கள். அதைச் சுரண்டினால் கீழே இருப்பது ஒரு புஸ்தகத்தைப் பாதி படித்தவனுடைய அவசரம். விஷம் இருந்ததோ இல்லையோ, படம் நன்றாகத்தான் விரிந்திருந்தது. படாடோபமான நடை என்று அந்தப் பக்கத்தில் இருந்த தீர்ப்பு சரியானதுதான். விலாசம்தான் தவறு.

ராஜமையர் தமது கமலாம்பாள் சரித்திரத்தில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதரைப் படைத்திருக்கிறார். 1893-ல் விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கிய கதை அது. கடினமான செய்யுளில் மோகம் கொண்ட அவரைப் பார்த்து ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கிறார். ஆனால் படித்து முடித்தபின் பிள்ளையவர்கள்மேல் நமக்குப் பிரியம்தான் மிஞ்சுகிறது. ஒருவருடைய மிகுதியைக் கேலி செய்வதற்கும் முதலில் அந்த மனிதரை முழுக்கப் பார்த்திருக்கவேண்டும் என்பதை நான் அங்கேயே கற்றுக்கொண்டிருக்கலாம்.

பள்ளிக்கூட ஆசிரியர் இன்று உயிரோடு இல்லை. அவருக்கு நான் எழுதவேண்டிய கார்டைத்தான் இந்தக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இளைஞருக்குப் பதில் சொல்லவேண்டும். அவருடைய நாவலில் கதாநாயகனின் தகப்பனார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுகிற காட்சி ஒன்று இரண்டரைப் பக்கம் வருகிறது. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவதும், குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், சொல்யூஷன் காயும்வரையில் அவர் வாயால் ஊதிக்கொண்டு பேசாமல் இருப்பதும் எழுதியிருக்கிறது. நண்பர் 'ஆடம்பரம்' என்று ஓரத்தில் பென்ஸிலால் குறித்திருப்பது இந்தப் பக்கங்களில்தான். இருபது பக்கம் தள்ளி, காதலர்கள் சந்திக்கும் இடத்தில், நிலவும் தென்றலும் ஒரு பாராவில் பதினோரு அடைமொழிகளோடு வருகின்றன. அங்கே பென்ஸில் கோடே இல்லை. நண்பருக்கு அது வழக்கமான அழகாகவே தோன்றியிருக்கவேண்டும்.

பென்ஸில் குறியை அழித்துவிட்டேன். பஞ்சர் காட்சியில் ஒரு வரிகூடக் குறைக்க வேண்டாம் என்றும், நிலவை எடுத்துவிட்டுப் பெண் அங்கே எதற்காக வந்தாள் என்று எழுதும்படியும் நாளைக்கு அவர் வரும்போது சொல்லப்போகிறேன். "அப்போ நடை ஆடம்பரமா இல்லையா சார்?" என்று அவர் மறுபடியும் கேட்பார். அந்த வார்த்தையை இரண்டு பேருமே கொஞ்ச காலம் உபயோகிக்காமல் இருந்து பார்ப்போம் என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.